அலுவலகக் கணினிக்கு மாற்று மதர்போர்டு தேர்வு செய்வது

முதலில் கேபினெட்டைத் திறந்து பவர் சப்ளை வயரைப் பாருங்கள். பிராண்டட் அலுவலகக் கணினிகள் பலவற்றில் வழக்கமான 24 பின் இணைப்பு இருக்காது. முன்பக்க சுவிட்ச் வயரும் அந்த நிறுவனத்துக்கே உரியதாக இருக்கும். அப்படியானால் அதே மாடல் போர்டைத் தேடுங்கள். இல்லையேல் கேபினெட், பவர் சப்ளை இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது சாக்கெட், அதாவது போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம். சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, சிப்செட்டும் (பிராசஸரை மற்ற பாகங்களுடன் இணைக்கும், போர்டில் உள்ள சிப்) ஒத்துவர வேண்டும். இன்டெல் 8, 9ஆம் தலைமுறை பிராசஸர்களுக்கு 300 வரிசை சிப்செட் தேவை. சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151 என்றே இருந்தாலும் 100, 200 வரிசை போர்டுகளில் அவை இயங்கா. தயாரிப்பாளர் தளத்தில் பிராசஸர் பட்டியலையும், அதற்குரிய பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பையும் கட்டாயம் பாருங்கள். பழைய பயாஸ் இருந்தால் புதிய பிராசஸர் போட்டும் திரையில் எதுவும் வராது.

எல்ஜிஏ 1700 சாக்கெட் உள்ள போர்டுகளில் டிடிஆர்4 ராமுக்கானது, டிடிஆர்5 ராமுக்கானது என இரு வகை உண்டு. ராமின் வெட்டு இடம் வேறு என்பதால் மாற்றிச் செருக முடியாது.

பெயர் 'எஃப்' என முடியும் இன்டெல் பிராசஸரில் உள்ளமை கிராஃபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) இல்லை. போர்டில் எச்டிஎம்ஐ இருந்தாலும் அதன் வழியே படம் வராது.

பிட்லாக்கர் (வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இயக்கத்தில் இருந்தால், கழற்றுமுன் அதன் மீட்பு எண்ணைக் குறித்து வையுங்கள். போர்டு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கும். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமமும் செல்லாமல் போகலாம்.