விட்பியில் வீடு பார்க்கும் முன் மதுரைப் பத்திரத்தைப் பாருங்கள்

லீவுக்கு மதுரை வந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்று ராத்திரி இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பியிலிருந்து திருமங்கலத்துத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். அங்கே போய்ச் சேர்ந்து 2 மாதம்தான் ஆகிறது. "அக்கா, கடல் தெரியுற மாதிரி வீடு ஒண்ணு பார்த்துட்டேன், பேசி முடிச்சிரவா?" அவரிடம் சொன்னதையே புதிதாகப் போகிற எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஊரில் உங்கள் பெயரில் வீடு இருக்கிறதா? இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது கட்டுகிற முத்திரை வரிக்கு, உலகத்தில் எந்த மூலையில் வீடு இருந்தாலும் கணக்குத்தான்; அங்கே வாங்குவது இரண்டாவது வீடாகி வரி கூடும். எனக்கு அது தெரியவில்லை. கூடல்நகர் வீட்டை அப்பா என் பேருக்கு எழுதியிருந்தார்; 2019-இல் 2 லட்சம் பவுண்டுக்கு அங்கே வீடு வாங்கியபோது, முதல் வீடு என்றால் ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டாத இடத்தில் 7,500 பவுண்டு கட்டினேன். இப்போது அதே விலைக்கு 11,500 ஆகும். பூர்வீக வீட்டில் பங்கு மட்டும் இருந்தாலும் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம், வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாளாவது பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வரியில் விலையின் 2 சதவீதம் கூடும்.

அதனால் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருங்கள். கோடையில் கூட்டம் நெரிகிற தெருவில் ஜனவரி சாயங்காலம் பாதி ஜன்னல் இருட்டாக இருக்கும், எல்லாம் விடுமுறை வீடுகள். 2022-இல் ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று பெருவாரியாகச் சொன்னார்கள். குடியிருக்கத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்தால் நன்றாகப் பழகுவார்கள்.

மடாலயத்துக்கு ஏறும் 199 படிகளுக்குக் கீழே இருப்பவை பழைய கல், செங்கல் வீடுகள். நம் திருமலை நாயக்கர் மகால் மாதிரி சுண்ணாம்பில் எழுப்பியவை, சுவர் மூச்சு விட வேண்டும். யாராவது சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். நான் பார்த்த ஒரு வீட்டில் அலமாரிக்குப் பின்னால் விரல் வைத்ததும் சுவர் ஈர மாவாக உதிர்ந்தது. கட்டடத்தின் நிலையை நிபுணர் சோதிக்கிற முழு சர்வே எடுக்காமல் வாங்காதீர்கள். பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடென்றால் ஜன்னல் மாற்றவும் கவுன்சில் அனுமதி வேண்டும்.

இங்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் வீடு நமக்கென்று நினைப்போம். அங்கே விலை பேசி முடித்தாலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைமாறும்வரை யாரும் விலகலாம், அதுவரை ஊரில் நகையையோ நிலத்தையோ விற்றுவிடாதீர்கள்.

எல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "திருமங்கலம் வீடு என் பேர்லதான்கா இருக்கு" என்றார். நாளைக் காலையில் அவர் அப்பாவைப் பார்த்துப் பத்திர நகல் வாங்கி அனுப்பப் போகிறேன்.