மெழுகுக்கு விலை கொடுத்துவிட்டுத் திரியில் கோட்டை விடாதீர்கள்

தேன்மெழுகில் மெழுகுதிரி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கூடியிருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீடு, மூச்சிரைப்பு உள்ள பெரியவர் இருக்கும் வீடு, கடையில் வாங்கும் வாசனை மெழுகுதிரியால் தலைவலி வருகிறது என்று சொல்லும் வீடு என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அவ்வளவு அக்கறையோடு வருகிறவர்கள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஏற்றக் கூடாது, குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது என்பன எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, தெரிந்தவர்களும் வழுக்கி விழுகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

திரியைச் சோதிக்காமல் மெழுகை ஊற்றுவது

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி மெழுகைப் பற்றியதாகவே இருக்கிறது. தேன்மெழுகா, சோயா மெழுகா, எது சுத்தமானது, எங்கே கிடைக்கும், கிலோ என்ன விலை என்று அரைமணி நேரம் பேசுவார்கள். திரியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. கடைசியில் பணம் கொடுக்கும்போது, "திரி ஏதாவது நூலைப் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?" என்பார்கள். இந்த ஒரு கேள்வி இன்றும் எனக்கு எரிச்சலைத் தருகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படியே நினைத்துப் பெரும் நட்டம் அடைந்தேன்.

மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களிடம், அடையை உருக்கி வடிகட்டிய மெழுகைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு கிலோ தேனை உண்கின்றன என்று தேனீ வளர்ப்பவர்கள் கணக்குச் சொல்வார்கள். அதனால் அது எளிதில் கிடைக்கிற பொருளும் அன்று, மலிவான பொருளும் அன்று. அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு 96 கண்ணாடிக் குவளை மெழுகுதிரிகள் வேண்டும் என்று ஓர் ஆர்டர் வந்தது. குவளைக்கு 150 கிராம் வீதம் பதினான்கு கிலோவுக்கு மேல் மெழுகு தேவைப்பட்டது. சாதாரண வெள்ளை மெழுகுதிரி செய்கிறவர்கள் பயன்படுத்தும் திரியை ஒரு கடையில் வாங்கினேன். எல்லா மெழுகுக்கும் இது பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னார். நானும் ஒன்றைக்கூட எரித்துப் பார்க்காமல் 96 குவளைகளையும் ஊற்றி, ஆறவைத்து, காகிதம் சுற்றி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. ஏற்றிய அரைமணி நேரத்தில் சுடர் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கி, நடுவில் கிணறு வெட்டியது போலக் குழி விழுந்து, அந்தக் குழியில் உருகிய மெழுகிலேயே திரி மூழ்கி அணைந்துவிட்டது. சுற்றிலும் இருந்த மெழுகு தொடப்படாமல் அப்படியே நின்றது. சாதாரண வெள்ளை மெழுகுதிரியில் இருக்கும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் மெழுகைவிடத் தேன்மெழுகு உருகுவதற்கு அதிக வெப்பம் வேண்டும். அது உருகும் வெப்பநிலை 62 முதல் 65 டிகிரி செல்சியஸ். உருகிய பிறகும் அது சற்றே பிசுபிசுப்பாக இருப்பதால் மெல்லிய திரியில் வேகமாக ஏறாது. பாரஃபினுக்கு அளவான திரி தேன்மெழுகுக்குப் போதாது என்ற இந்த ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள நான் 96 குவளைகளைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

அதோடு நின்றிருந்தால் நட்டம் பாதியாகியிருக்கும். குவளைகளை வெந்நீரில் வைத்து மெழுகை மீட்டெடுத்து, "இந்தமுறை தடிமனாகவே போட்டுவிடுவோம்" என்று மிகத் தடித்த திரியைப் போட்டு, மறுபடியும் சோதிக்காமலேயே பாதிக்கு மேல் ஊற்றினேன். இப்போது சுடர் உயரமாகத் துள்ளி எரிந்தது. திரியின் நுனியில் காளான் போலக் கரி கட்டியது. குவளையின் வாய் முழுவதும் கறுத்தது. எங்கள் பூசையறைக் கூரையில் படிந்த வட்டக் கறை இரண்டு முறை வெள்ளையடித்த பிறகே மறைந்தது. சுத்தமான தேன்மெழுகுதான், வந்தது கரிப்புகை.

காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தத் தவறு திரும்ப நடக்காது. எரிவது கட்டி மெழுகும் அன்று, உருகிய மெழுகும் அன்று. திரி வழியே மேலேறிய மெழுகு வெப்பத்தில் ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. சுடரின் மஞ்சள் வெளிச்சம், அதற்குள் பழுத்து ஒளிரும் நுண்ணிய கரித்துகள்களால் உண்டாவது. அந்தத் துகள்கள் சுடரின் வெளிவிளிம்பை அடைந்து காற்றோடு சேர்ந்து முழுவதும் எரிந்துவிட்டால் புகை இல்லை. சுடரால் எரித்துத் தீர்க்க முடியாத அளவுக்குத் திரி மெழுகை ஊட்டினால் மிச்சத் துகள்கள் அப்படியே வெளியேறி நம் சுவரிலும் மூச்சிலும் சேர்கின்றன. தேனீ தந்த மெழுகிலும் கரிமம் இருக்கிறது, பெட்ரோலியத்திலிருந்து வந்த மெழுகிலும் கரிமம் இருக்கிறது. ஆகவே வீட்டுக் காற்றைப் பொறுத்தவரை, திரி பொருந்தாத தேன்மெழுகைவிடத் திரி பொருந்திய சாதாரண மெழுகுதிரியே மேல் என்று நான் சொல்வேன். தேன்மெழுகையே தொழிலாகக் கொண்டவன் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

சோதிக்கும் முறை கடினமானதன்று. நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே குவளை மூன்றை எடுத்து, அடுத்தடுத்த அளவுள்ள மூன்று திரிகளைப் போட்டு, அதே மெழுகை ஊற்றுங்கள். ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டு, திரியை அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி ஏற்றுங்கள். குவளையின் விட்டத்தில் ஒவ்வொரு இரண்டரை சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற கணக்கில், உருகிய மெழுகு ஓரத்தைத் தொட வேண்டும். சுடர் ஆடாமல் நிற்க வேண்டும். சுடருக்கு நான்கைந்து விரல் உயரத்தில் ஒரு எவர்சில்வர் கரண்டியைச் சிறிது நேரம் பிடித்தால் அதன் அடியில் கரி படியக் கூடாது. சுடருக்குள்ளேயே கரண்டியை நுழைத்தால் எந்த மெழுகுதிரியும் கரி தரும் என்பதால் அப்படிச் சோதிப்பதில் பயன் இல்லை. நான்கு மணி நேரத்தில் அணைத்து, ஆறவைத்து, மறுநாள் திரியை வெட்டி மீண்டும் ஏற்றுங்கள். இப்படி அடிவரைக்கும் எரித்துப் பார்ப்பது அவசியம். குவளையின் மேல்பாதியில் ஒழுங்காக எரிந்த திரி, கீழே இறங்க இறங்கக் கண்ணாடிச் சுவர் வெப்பத்தைத் தேக்குவதாலும் காற்றோட்டம் குறைவதாலும் புகையத் தொடங்கலாம். பொருந்திய திரி எது என்பதைக் குவளையின் விட்டத்தோடும் மெழுகு வாங்கிய இடத்தோடும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெழுகு மாறினாலோ, குவளை மாறினாலோ, வாசனை எண்ணெய் சேர்த்தாலோ மறுபடியும் சோதிக்க வேண்டும்.

விளக்குத் திரியை மெழுகுதிரிக்குப் போடுவது

பூசைச் சாமான் கடையில் கிடைக்கும் பஞ்சுத் திரி, தாமரைத்தண்டுத் திரி, வாழைத்தண்டுத் திரி ஆகியவை அகல்விளக்குக்கு உரியவை. அகலில் எண்ணெய் திரவமாகவே நிற்கிறது. திரி கருகினால் தூண்டிவிட ஒரு கை இருக்கிறது. மெழுகுதிரியில் அந்தக் கையின் வேலையைத் திரியின் பின்னலே செய்கிறது. பின்னப்பட்ட பருத்தித் திரி எரியும்போது மெல்ல வளைந்து, தன் நுனியைச் சுடரின் வெளிவிளிம்புக்குக் கொண்டுபோய்ச் சாம்பலாக்கிக்கொள்கிறது. இந்தப் பின்னல் திரி 1820களில் பிரான்சில் வருவதற்கு முன்பு, கருகிய திரியை அடிக்கடி கத்தரிப்பதற்கென்றே ஐரோப்பிய வீடுகளில் தனிக் கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள்.

வீட்டிலேயே திரி செய்ய விரும்பினால், சாயமேற்றாத பருத்தி நூலை மூன்று புரியாகப் பின்னி, ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெண்காரமும் கரைத்து, ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவைத்து, உருகிய மெழுகில் குமிழிகள் அடங்கும்வரை முக்கி, நேராக இழுத்து உலர்த்துங்கள். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அதைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பாலியெஸ்டர் கலந்த தையல் நூல் உருகிக் கரும்புகை விடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

கடையில் வாங்கிய பழைய மெழுகுதிரியின் திரிக்குள் உலோகக் கம்பி தெரிந்தால், அதை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறக் கறை விழுந்தால் அது ஈயமாக இருக்கக்கூடும், ஏற்றாதீர்கள். ஈயக் கம்பித் திரியை அமெரிக்கா 2003இல் தடை செய்தது.

"இயற்கை" என்ற ஒட்டுச்சீட்டை நம்புவது

சோயா மெழுகு என்று விற்கப்படுவதில் பாரஃபின் கலந்திருப்பது பரவலாக உண்டு. முழுக்கச் சோயாவா, கலவையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தேன்மெழுகிலும் கலப்படம் நடக்கிறது. நல்ல தேன்மெழுகைக் கைச்சூட்டில் பிசைந்தால் களிமண் போல இணங்கும். பாரஃபின் அதிகம் கலந்தது உதிரும் அல்லது வழுக்கும்.

இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள நான் செய்வது இது. பாரஃபின் தேன்மெழுகைவிட எடை குறைந்தது. ஒரு கண்ணாடிக் குவளை நீரில், கலப்படம் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த தேன்மெழுகுத் துண்டு ஒன்றைப் போடுங்கள், அது மிதக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் அந்தத் துண்டு மெல்ல மூழ்கும். அப்போது ஊற்றுவதை நிறுத்திவிட்டு, சந்தேகத்துக்குரிய மெழுகைக் காற்றுக் குமிழி இல்லாத சிறு துண்டாக வெட்டிப் போடுங்கள். அது தொடர்ந்து மிதந்தால் பாரஃபின் போன்ற இலேசான பொருள் கலந்திருக்கிறது. இதைச் செய்யும்போது அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

பழைய தேன்மெழுகின் மேல் வெண்மையாகப் பூத்திருப்பதைப் பூஞ்சை என்று எண்ணி எறிந்தவர்களும் உண்டு. அது மெழுகின் இயல்பு; மென்துணியால் துடைத்தால் போய்விடும்.

தேன்மெழுகு காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நினைப்பது

சுத்தப்படுத்தாது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

தேங்காய் எண்ணெயை ஊற்றி மெழுகாக்க முயல்வது

குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துச் செய்யும் தவறு இது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அது திரவம்தான். குவளைகளுக்கென்று விற்கப்படும் மென்மையான சோயா மெழுகும் சித்திரை வெயிலில் பார்சல் வண்டிக்குள் இளகிச் சாய்ந்துவிடும். வெயில் காலத்தில் வெளியூருக்கு அனுப்புவதற்கு நான் தேன்மெழுகை மட்டுமே நம்புகிறேன்.

வாசனைக்காகக் கற்பூரமும் எண்ணெயும் சேர்ப்பது

கற்பூரத்தைப் பொடித்து உருகிய மெழுகில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அது மிக எளிதில் தீப்பற்றும். அடுப்பின் மேல் இருக்கும் சூடான மெழுகிலிருந்து அதன் ஆவி எழும்பும்போது தீ எட்டிப் பிடிக்க நேரம் ஆகாது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களும் தாழ்ந்த வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியை வெளியிடுபவை. செடியிலிருந்து எடுத்தது என்பதால் மட்டும் ஒரு வாசனை எண்ணெய் மூச்சுக்கு நல்லதாகிவிடாது. மூச்சிரைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு வாசனையே இல்லாத மெழுகுதிரியைத்தான் செய்து தருகிறேன். தேன்மெழுகின் இயல்பான மணம் போதும்.

உலர்ந்த பூ, பட்டை, மஞ்சள்தூள், வண்ணக் குச்சி

பூவும் பட்டையும் இரண்டாவது திரியாகிப் பற்றிக்கொள்ளும். தூளும் சாயமும் திரியை அடைக்கும். வேண்டாம்.

கொட்டாங்குச்சியில் ஊற்றுவது

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொட்டாங்குச்சி நல்ல விறகு என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். மெழுகு தீர்ந்து திரி அடியைத் தொடும்போது ஓடும் சேர்ந்து எரியும். வெப்பம் தாங்கும் கண்ணாடியும், அடியில் ஒரு தட்டும் போதும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைப்பது

கொதிநீரில் வைத்த பாத்திரத்தில்தான் மெழுகை உருக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்பும் செம்பும் பித்தளையும் தேன்மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். 85 டிகிரிக்கு மேல் சூடேறினாலும் நிறம் மங்கும். ஒருவேளை மெழுகு தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் மெழுகு வெடித்துச் சிதறும். மிஞ்சிய மெழுகைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

மின்விசிறியின் கீழே ஏற்றுவது

மின்சாரம் போகும்போது ஏற்றுகிறோம். மின்சாரம் வந்ததும் விசிறி சுழலத் தொடங்குகிறது. மெழுகுதிரியை அணைக்க மறந்துவிடுகிறோம். காற்றில் ஆடும் சுடர், எவ்வளவு பொருத்தமான திரியாக இருந்தாலும், புகைவிடும். ஒரு பக்கமாக உருகி வழியும். "உங்கள் மெழுகுதிரி புகைகிறது" என்று சொன்னவர்கள் சிலருடைய வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தபோது, மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஊற்றிய மெழுகை விசிறியின் கீழ் ஆறவைப்பதும் தவறே. மேற்பரப்பு விரைவில் இறுகி வெடிப்பு விடும்.

ஊதி அணைப்பது

விளக்கை வாயால் ஊதி அணைக்காத வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மெழுகுதிரிக்கும் அதையே கைக்கொள்ளுங்கள். ஊதினால் திரியின் நுனி கனன்றுகொண்டே இருக்க, எரியாத மெழுகாவி வெண்புகையாக அறை முழுவதும் பரவும். ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகுக்குள் சாய்த்து அமுக்கினால் புகையின்றி அணையும். உடனே திரியை நிமிர்த்தி நடுவில் நிறுத்திவிடுங்கள். திரியை நனைத்த மெழுகு அதன்மேல் இறுகியிருப்பதால், அடுத்த முறை தீக்குச்சியைக் காட்டியதும் பற்றிக்கொள்ளும்.