அடித்தல் திருத்தலுடன் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சிறுகதையைக் கொடுத்து "செல்வி எங்கே போனாள்?" என்று கேளுங்கள். விரலை வைத்து வரியைக் காட்டிவிடுவார்கள். "செல்விக்கு என்ன கவலை?" என்று கேட்டால் வகுப்பு அடங்கிப்போகும், இல்லையென்றால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். "அப்பா அடித்திருப்பார் சார்." "பேயைப் பார்த்திருப்பாள் சார்."

கதை கட்டுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊகிக்க அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அம்மா பாத்திரத்தை வைக்கும் சத்தத்தைக் கேட்டே, இன்று விளையாடப் போகலாமா கூடாதா என்று முடிவுசெய்கிற பிள்ளைகள். பழகாதது, ஊகித்ததை வரியோடு உரசிப் பார்ப்பது. அதற்கு ஒரு பாவமும் அறியாத ஒரு தடை பள்ளியிலேயே இருக்கிறது: "அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது" என்று நாம் நாள்தோறும் சொல்வது. அழகான கையெழுத்துக்கு அது சரி. ஊகித்து வாசிப்பவனுக்கு அடித்தலும் திருத்தலும்தான் வேலையே.

என் மாலை வகுப்பில் பல தடவை தடுமாறி, கடைசியில் நிலைத்த முறை கீழே. ஆசிரியர், தன்னார்வலர், பெற்றோர் யாரும் செய்யலாம். ஒரு கரும்பலகை, பிள்ளைகளுக்குப் பென்சில், ஓர் ஒயர் கூடை இருந்தால் போதும். பிள்ளைகளிடம் இருக்கும் அழிப்பான்களை மட்டும் முதலிலேயே வாங்கி மேசைக்குள் வைத்துவிடுங்கள்.

படி 1: கூடை

முதல் நாள் புத்தகம் வேண்டாம். ஒயர் கூடைக்குள் ஒரு ஃபிளாஸ்க், ஒரு துண்டு, இரண்டு சாத்துக்குடி, கசங்கிய பஸ் டிக்கெட் ஆகியவற்றை வையுங்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, "இந்தக் கூடைக்காரர் எங்கே போகிறார்?" என்று கேளுங்கள். ஃபிளாஸ்க் வந்ததும் "டீ வாங்க" என்பார்கள். சாத்துக்குடி வந்ததும் பாதிப் பேர் "ஆஸ்பத்திரிக்கு" என்று மாறிவிடுவார்கள். அந்த இடத்தில் நிறுத்துங்கள். "முதலில் டீ என்றாய். இப்போது ஏன் மாற்றிக்கொண்டாய்?" பழத்தைப் பார்த்ததால். "பழம் என்றால் ஆஸ்பத்திரி என்று யார் சொன்னது?" போன மாதம் மாமாவைப் பார்க்கப் போனபோது வாங்கிப் போனோமே!

கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒன்று, முன்பே தெரிந்தது ஒன்று, இரண்டும் சேர்ந்து கொடுக்கும் மூன்றாவது ஒன்று. ஊகம் என்பது இவ்வளவுதான். இந்த இலக்கணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் வாயிலிருந்து அரைகுறையாக வந்தால் போதும்.

முடிப்பதற்கு முன், "படுத்திருப்பவர் ஆணா, பெண்ணா?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளையாவது தயங்காமல் "பாட்டி" என்று சொல்லும். கூடையில் எது அப்படிச் சொல்கிறது என்று தேடவிடுங்கள். தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். அன்றைய பாடத்தில் பாதி அதுதான்.

படி 2: மூன்று பாகம்

நோட்டில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு போட்டு மூன்று பாகமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தலைப்புகள்: "வரி", "எனக்குத் தெரிந்தது", "ஆகவே".

முதல் பாகத்தில் கதையின் வரியை அப்படியே பெயர்த்து எழுத வேண்டும்; சொந்தச் சொல்லில் எழுதக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் கண்டிப்பானவன். காரணம் இருக்கிறது. 1972-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். மிதக்கும் மரக்கட்டையின்மேல் மூன்று ஆமைகள் இளைப்பாறின, அவற்றுக்கு அடியில் ஒரு மீன் நீந்திப் போனது என்பதுபோன்ற வாக்கியங்களைச் சொன்னார்கள். பிறகு, மீன் "அதற்கு" அடியில், அதாவது கட்டைக்கு அடியில் போனது என்று ஒரு சொல்லை மாற்றிக் காட்டினார்கள். மாற்றிய வாக்கியத்தையே முன்பு கேட்டதாகக் கேட்டவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆமை கட்டையின்மேல் இருந்தால், ஆமைக்கு அடியில் போன மீன் கட்டைக்கு அடியிலும்தானே போயிருக்கும்? மனம் கணக்கைப் போட்டது, போட்டதையே மறந்தும்விட்டது.

ஆகவே "கதையில் அப்படித்தான் சார் இருந்தது" என்று ஒரு பிள்ளை அடித்துச் சொன்னால், அது பொய் சொல்வதாக எண்ணாதீர்கள். அதன் மனத்தில் ஊகமும் வரியும் கலந்துவிட்டன. எழுதிவைத்த வரி இருந்தால் இரண்டையும் பிரித்துக் காட்டலாம்.

படி 3: கதையைத் துண்டு துண்டாகக் கொடுங்கள்

நான் எழுதிய இந்தக் கதையை நீங்களும் பயன்படுத்தலாம். ஒரே மூச்சில் கொடுத்துவிட்டால் பயன் இல்லை.

முதல் துண்டு: "மாலை நான்கரை மணி. செல்வி செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தாள். புத்தகப் பையை மூலையில் போட்டாள். பாட்டி எடுத்து வைத்திருந்த சுண்டலைத் தொடவில்லை."

இங்கே நிறுத்தி மூன்று பாகத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். "மதிப்பெண் குறைந்துவிட்டது", "டீச்சர் திட்டிவிட்டார்" என்று வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள், அதுவும் தவறாகப் போகப்போகிற ஒன்றாகவே. நான் "தோழியோடு சண்டை" என்று எழுதுவேன்.

இரண்டாம் துண்டு: "'இன்னும் வரவில்லையா?' என்று கேட்டாள். பாட்டி தலையை மட்டும் ஆட்டினாள்."

இப்போது வகுப்பு திரும்பும். யாரோ வர வேண்டியிருக்கிறது. அப்பா, அண்ணன், ஊரிலிருந்து அத்தை. என் ஊகத்தின்மேல் நானே முதலில் ஒரு கோடு போட்டு, எந்த வரி அதை அசைத்தது என்று பக்கத்தில் எழுதுவேன். ஆசிரியர் தன் வாயால் "நான் தவறிவிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதை அவர்கள் பார்த்தாக வேண்டும். அழிப்பானை வாங்கி வைத்தது இதற்காகத்தான். பேனா கொடுத்தால் தவறிவிடுமோ என்று எழுதமாட்டார்கள். அழிப்பான் இருந்தால் எங்கே மாறினோம் என்பதே காணாமல் போய்விடும்.

மூன்றாம் துண்டு: "செல்வி கொல்லைப்பக்கம் ஓடினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்தில், காலையில் ஊற்றிய பால் ஆடை கட்டி அப்படியே இருந்தது."

"பூனை!" என்று ஒரு கூச்சல் எழும். ஒருமுறை ஒரு பையன் அப்பாவை விடவே மாட்டேன் என்றான். பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "உங்கள் வீட்டில் அப்பாவுக்குத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலா பால் வைப்பீர்கள்?" அவன் தானாகவே கோடு போட்டுக்கொண்டான்.

படி 4: உரசிப் பார்த்தல்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய படி இது. பலகையில் இருக்கும் ஒவ்வொரு ஊகத்துக்கும் மூன்று கேள்விகள்: எந்த வரி இதைத் தாங்குகிறது? எந்த வரியாவது இதோடு மோதுகிறதா? இது இல்லை என்று வைத்துக்கொண்டால், எந்த வரி ஒட்டாமல் நிற்கும்?

மூன்றாவது கேள்வி என்னுடையது அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அனுமானத்தை, அதாவது ஊகித்து அறிவதை, விளக்கும் இடத்தில் இருக்கிறது. இம்மலையில் நெருப்பு உண்டு; புகை இருப்பதால்; அடுக்களையைப் போல. நம் நோட்டின் மூன்று பாகமும் அதில் அடக்கம்: நெருப்பு "ஆகவே", புகை "வரி", அடுக்களை "எனக்குத் தெரிந்தது". அதோடு நிற்காமல், நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இராது, புனலைப் போல என்று மறுபக்கத்திலிருந்தும் சோதிக்கிறது காப்பியம். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் தண்ணீர் உதாரணத்தை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். "வீட்டில் பிராணியே இல்லை என்று வைத்துக்கொள், கிண்ணத்தில் பால் எதற்கு?" என்பது நம் புனல்.

இப்படிச் சோதித்தால் ஊகங்கள் மூன்று வகையாகப் பிரியும். "அத்தை வரவில்லை" என்பதைக் கிண்ணம் தள்ளிவிடும், அதற்குக் கோடு. "வளர்க்கும் பிராணி ஒன்றைக் காணவில்லை" நிற்கும். "பூனை" என்பதற்குக் கேள்விக்குறிதான். நாயும் பால் குடிக்கும். இதைச் சொன்னதும் வகுப்பில் எதிர்ப்பு கிளம்பும், கிளம்பட்டும். "பூனையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் வரி போதாது" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அன்றைக்குப் பாடத்தை முடித்துவிடலாம்.

மதிப்பெண் ஊகம் என்ன ஆயிற்று? அதை எந்த வரியும் மறுக்கவில்லை. செல்விக்கு மதிப்பெண்ணும் குறைந்திருக்கலாம். ஆனால் அது முதல் துண்டை மட்டும் தாங்குகிறது, பிராணி ஊகம் எல்லாத் துண்டையும் தாங்குகிறது. இந்த வேறுபாட்டை ஆறாம் வகுப்புக்குக் கீழே வற்புறுத்த வேண்டாம்.

படி 5: தமிழ் விட்டுவைக்கும் தடயங்கள்

இரண்டாம் துண்டில் நான் ஒரு சூழ்ச்சி செய்திருக்கிறேன். "வந்தானா?" என்றால் ஆண், "வந்ததா?" என்றால் அஃறிணை என்று விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். "வரவில்லையா?" என்பதில் பால் காட்டும் விகுதி இல்லை. அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் அதே வடிவம். எழுவாயையும் விட்டுவிட்டால் வாசிப்பவர் ஊகித்தே தீர வேண்டும். பிள்ளைகள் வாசிக்கும் பாடத்தில் இப்படி எழுவாய் இல்லாத வாக்கியங்களைத் தேடி, "யார்? எப்படித் தெரியும்?" என்று எழுதச் சொல்லுங்கள். பெரிய ஊகங்களில் தடுமாறும் பிள்ளைகளில் பலர் உண்மையில் இந்தச் சின்ன இடங்களில்தான் வழி தவறியிருப்பார்கள்.

மரியாதை விகுதி இன்னொரு புதையல். "'உட்காருங்கள்' என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்தவர் போனதும், 'வந்துவிட்டான் கடன் கேட்க' என்று முணுமுணுத்தார்." ஒரே ஆளுக்கு முன்னால் "உங்கள்", பின்னால் "ஆன்". வந்தவரைப் பிடிக்கவில்லை என்று எந்த வரியிலும் இல்லை. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது எட்டிவிடும், நம் வீடுகளில் அது கேட்காத பேச்சா?

எனக்கு நேர்ந்த சறுக்கல்கள்

"எப்படித் தெரியும்?" என்று தவறான விடைக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாட்களிலேயே பிள்ளைகள் என்னை வாசித்துவிட்டார்கள்: சார் காரணம் கேட்டால் விடை தப்பு. கேட்ட உடனே மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். இப்போது சரியான விடைக்கும் அதே குரலில் கேட்கிறேன்.

இன்னொன்று, "ஆடை கட்டி". பாலுக்கு எதற்குத் துணி கட்டினார்கள் என்று ஒரு சிறுவன் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஊகிக்கத் தெரியவில்லை என்று குறித்திருந்தால் அநியாயம். அவனிடம் இல்லாதது ஒரு சொல். கதையைக் கொடுக்கும் முன், நடுப்பாகத்தில் எழுத வேண்டிய செய்தி வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடநூலைப் பொறுத்தவரை, ஆறு முதல் எட்டு வரையிலான தமிழ்ப் புத்தகங்களில் பாட முடிவில் "சிந்தனை வினா" என்று ஒன்று இருக்கிறது. நல்ல இடம். ஆனால் அதற்கும் கைடில் தயார் விடை கிடைப்பதால், நான் அந்தக் கேள்வியைப் பாடத்தின் நடுவிலேயே கேட்டுவிடுகிறேன்; இறுதியில் எத்தனை பேர் கோடு போட்டார்கள் என்று பார்க்கிறேன்.

வீட்டுப்பாடம்

வாரத்துக்கு ஒரு பாடவேளையாக நான்கைந்து வாரம் இதைச் செய்தபின் தெருவுக்கு அனுப்புங்கள். ஏதாவது ஓர் அறிவிப்புப் பலகையைப் பார்த்து எழுதி, அதை ஏன் வைத்தார்கள் என்று ஊகித்துவர வேண்டும். "இங்கே குப்பை கொட்டாதீர்" என்றால் அங்கே கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். "சில்லறை தந்து உதவவும்" என்றால் கல்லாவில் சில்லறைக்குத் தட்டுப்பாடு.

போன முறை ஒரு மாணவி டீக்கடையிலிருந்து "அரசியல் பேசாதீர்" என்ற பலகையைக் கொண்டுவந்தாள். "ஆகவே" பாகத்தில் மூன்று வரி எழுதியிருந்தாள். முன்பு அங்கே அரசியல் பேசியிருக்கிறார்கள்: சரி. அதனால் சண்டை வந்திருக்கிறது: கேள்விக்குறி. கடைக்காரருக்கு அரசியல் பிடிக்காது: கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் காரணமும் இருந்தது: "கல்லாவுக்கு மேலே ஒரு தலைவர் படம் மாட்டியிருக்கிறது."