குளக்கரையில் ஆறுதலான மத்தியானச் சாப்பாடு: வன்னிக்கு ஏற்ற ஓர் ஏற்பாடு

இத்தாலியின் நாட்டுப்புறங்களில் நண்பர்கள் கூடி வெளியில் உண்ணும் மதிய உணவு இரண்டு மூன்று மணித்தியாலம் நீள்வது உணவு வருகின்ற ஒழுங்கினால்தான். முதலில் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளும் பாற்கட்டியும் ஒலிவ் காய்களும் வரும், பின்னர் பாஸ்தா, அது முடிந்த பிறகு இறைச்சி அல்லது மீன், கூடவே மரக்கறி, கடைசியில் பழம், இனிப்பு, சிறு கோப்பையில் கடுங்கோப்பி. உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளான திங்கட்கிழமை அங்கே விடுமுறை நாள் என்பதால், நகரத்தவர் பலர் அன்று இப்படிச் சாப்பிடுவதற்கென்றே வயல்வெளிகளுக்குப் போகிறார்கள். நம்மிடத்திலோ சோறும் அத்தனை கறிகளும் ஒன்றாகவே இலைக்கு வந்துவிடுகின்றன. கால் மணித்தியாலத்தில் இலை மடிக்கப்பட்டுக் கை கழுவப்படுகிறது. சமைத்தவர் மட்டும் கடைசியில் தனியே இருந்து சாப்பிடுகிறார். வன்னியில் ஒரு குளக்கரைச் சாப்பாட்டை ஆறுதலாக அனுபவிக்க விரும்புவோர் நமது உணவை மாற்ற வேண்டியதில்லை, அது வருகின்ற ஒழுங்கை மாற்றினால் போதும்.

காலத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தை மாதத்தில் குளங்கள் நிறைந்திருக்கும், ஆனால் பெரும்பாலான நண்பர்களுக்கு அரிவி வெட்டு நெருங்கிவிடும். வெட்டும் சூடடிப்பும் முடிந்து நெல் வீடு சேர்ந்த பின்னர் வருகின்ற மாசியின் பிற்பகுதியும் பங்குனியும் மிகவும் பொருத்தமானவை. குளத்தில் தண்ணீர் இருக்கும், வெயில் இன்னும் உச்சத்தைத் தொட்டிராது, எல்லோருக்கும் கையில் ஓய்வும் இருக்கும். வெளிநாட்டு உறவினர்கள் வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களில் என்பதால் அப்போதும் இதைச் செய்ய நேரிடும். அந்நாட்களில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். குளத்து நீர் வற்றி அலைகரை வெகுதூரம் விரிந்து கிடக்கும். ஆகவே காற்றுக்கு மறைவான இடத்தைத் தேடுவது அவசியமாகிறது.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்கள் பார்ப்பதற்கு அழகானவை. எனினும் விடுமுறை நாட்களில் அங்கே கூட்டமும் பாட்டுப் பெட்டியும் இருக்கும். ஆறுதலாக உரையாடுவதற்கு அவை உகந்தவை அல்ல என்பது எனது கருத்து. ஊருக்குள் இருக்கும் ஒரு சிறு குளத்தைத் தெரிந்து, அவ்வூர்க் கமக்காரர் அமைப்பில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதே மரியாதையானது, பயனுள்ளதும்கூட. எந்த மரத்தில் தேன்கூடு இருக்கிறது, எந்தத் துறையில் முதலை படுக்கிறது என்பதை அவர்தான் சொல்லுவார். குளக்கட்டின் மேல் அடுப்பு மூட்டக் கூடாது. கட்டுக்குக் கீழே, தண்ணீர் திறந்துவிடும் துருசிலிருந்து வாய்க்கால் புறப்படும் இடத்தை அண்டி நிற்கும் மருதமரத்து நிழல் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

நிழல் நகரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு நல்ல நிழலாகத் தெரிந்த இடத்தில் பாயை விரித்தால், சோறு பரிமாறும் நேரத்தில் வெயில் முதுகில் விழும். மத்தியானத்துக்குப் பின்னர் நிழல் கிழக்கே சாயும் என்பதால், மரத்தின் கிழக்குப் பக்கத்தில், அப்போது சிறிது வெயில் பட்டாலும், படங்கை விரித்து அதன்மேல் பாயைப் போட வேண்டும். அடுப்பின் இடத்தைக் காற்று தீர்மானிக்கிறது: மாசியில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு அடுப்பு பாயின் தென்மேற்கிலும், சோளகக் காலத்தில் அதற்கு நேரெதிராக வடகிழக்கிலும் இருந்தால் புகை விருந்தினரைத் தொந்தரவு செய்யாது. மரக்கிளையில் முசுற்றுக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டே பாயை விரிப்பது நல்லது.

ஆட்கள் பத்துப் பேருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் உரையாடல் இரண்டாகப் பிரியும், கிடாரம் தேவைப்படும், கிடாரம் வந்தால் அது திருவிழாச் சமையலாகிவிடும். பத்துப் பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசியும், சுத்தம் செய்வதற்கு முன் மூன்று கிலோ மீனும், இருபது லீற்றர் குடிதண்ணீரும் போதும். குளத்து நீரைச் சட்டி கழுவுவதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

வீட்டிலிருந்து செய்து கொண்டுபோக வேண்டியவை சில. கச்சானை உப்பிட்டு அவித்துக் கொள்ளலாம். மரவள்ளிக்கிழங்கை அவித்துத் துணியில் சுற்றிக் கொள்ளலாம். செத்தல் மிளகாய், உப்பு, வெங்காயம், தேங்காய்ப்பூ, பழப்புளி சேர்த்து உரலில் இடித்த சம்பலை இறுக்கமான ஏனத்தில் அடைத்துக் கொள்ளலாம். ஒரு பருப்புக்கறியும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வீட்டிலேயே முடிந்துவிட்டால் அங்கே வேலை பாதியாகக் குறையும். தேங்காய்ப்பாலை மட்டும் பிழிந்து கொண்டுபோகக் கூடாது, வெயிலில் புளித்துவிடும். முழுத் தேங்காயும் திருவலையும் கொண்டுபோய் அங்கேயே திருவ வேண்டும். திருவுகின்ற வேலையை அதிகம் கதைப்பவரிடம் கொடுப்பது வழக்கம். கையும் வாயும் ஒன்றாக வேலை செய்யும்.

குளக்கரையில் சமைக்க வேண்டியவை சோறும் மீன்குழம்பும் மட்டுமே. விடியற்காலையில் வலை எடுத்துக் கரைக்கு வரும் தொழிலாளரிடமே மீனை வாங்கலாம். விரால் கிடைத்தால் அதிர்ஷ்டம். சாம்பலிட்டுக் கல்லில் உரசினால் அதன் வழுவழுப்புப் போய்விடும். பெரும்பாலும் கிடைப்பது நாம் ஜப்பான் மீன் என்று அழைக்கும் திலாப்பியா. அதில் சேற்று மணம் இருக்கும் என்பதால் உப்பும் பழப்புளியும் பிசறிச் சிறிது நேரம் வைத்து, இரண்டு மூன்று முறை அலசிக் கழுவ வேண்டும். மண்சட்டியில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை வதக்கி, புளிக்கரைசலும் கப்பிப்பாலும் (முதற்பாலுக்குப் பிறகு பிழியும் தண்ணிப்பால்) கறித்தூளும் விட்டுக் கொதித்த பின்னர் மீனைப் போட்டு, அது அவிந்ததும் முதற்பாலை விட்டு ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். மீன் போட்ட பிறகு அகப்பையால் கிண்டாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றினால் துண்டுகள் உடையாது. மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். இந்தக் குழம்புக்கு வெள்ளையரிசி ஈடாகாது. காட்டு இறைச்சி சமைக்கலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. அந்த ஆசைக்கு ஓர் ஊர்க்கோழிக் குழம்பு போதும்.

இனி ஒழுங்கு. வந்து இறங்கியவுடன் மோர் கொடுக்க வேண்டும்; உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்ட தண்ணீர் மோர். அடுப்பு எரியத் தொடங்கியதும் அவித்த கச்சானை நடுவில் கொட்டிவிட வேண்டும். தோலுரித்து உண்ணும் பண்டம் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதே அதன் சிறப்பு. சோறு கொதிக்கும் வேளையில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் வரலாம், ஆனால் ஆளுக்கு இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம். ஒரு மணிக்குப் பின்னர் தாமரை இலைகளைக் கழுவி வைத்து, முதலில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் மட்டும் பரிமாற வேண்டும். மீன்குழம்பு இரண்டாவது சோற்றுக்கு. பசியோடு இருப்பவர்கள் இந்தத் தாமதத்துக்கு முறையிடுவார்கள், விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்த இடைவெளியில்தான் சமைத்தவரும் அடுப்பை விட்டு வந்து உட்கார முடிகிறது.

சட்டியில் குழம்பு கொஞ்சமாகவும் சோறு கொஞ்சமாகவும் மிஞ்சும் கட்டத்தில் குழையல் செய்ய வேண்டும். மிஞ்சிய சோறு, கறிகள், சம்பல் எல்லாவற்றையும் குழம்புச் சட்டிக்குள்ளேயே போட்டுக் கையால் குழைத்து, முட்கள் இல்லாமல் பார்த்து, உருண்டையாக்கி ஒவ்வொருவர் கையிலும் வைப்பதற்கு வயதில் மூத்த ஓர் அக்காவையோ அண்ணையையோ கேட்டுக்கொள்வது முறை. வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னவர்களும் இதற்குக் கை நீட்டுவார்கள்.

அதன் பிறகு குறைந்தது அரை மணித்தியாலம் எதையும் பரிமாற வேண்டாம். சாய்ந்து படுப்பவர் படுக்கட்டும். கடதாசி விளையாடுபவர் விளையாடட்டும். குளிக்க விரும்புவோர் வாய்க்காலில் குளிக்கலாம். கள் அருந்தியவர் எவரும் தண்ணீரில் இறங்குவதில்லை என்பதைக் காலையிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்று மணியளவில் எருமைத் தயிரும் காட்டுத்தேனும் கொடுக்கலாம். ஆனி, ஆடியில் போனால் பாலைப்பழம் கிடைக்கும். பால் உதட்டில் ஒட்டும் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கடைசியாக, தணலில் கேத்திலை வைத்துப் பிளேன்டீயும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும்.

காட்டுக்குள் பழம் தேடியோ விறகு தேடியோ பழக்கமில்லாத பாதையில் எவரும் போகக் கூடாது. கண்ணிவெடி உண்டென்று எச்சரிக்கும், மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகள் இன்னும் நிற்கும் இடங்கள் உண்டு. அவற்றுக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஊரவர் நடக்கும் தடத்தை விட்டு விலகாமல் இருப்பதே ஒழுங்கு, விறகை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவதும் இதற்காகவே.

நாலரை மணிக்கு எழுந்துவிட வேண்டும். பொழுது சாயும்போது யானைகள் குளத்துக்கு இறங்கும் ஊர்கள் பல. மிச்சச் சோற்றின் மணமும் அவற்றை அழைக்கும். தணலை வாளித் தண்ணீர் விட்டு அணைத்து, கையால் தொட்டுச் சூடு இல்லை என்று உறுதிசெய்த பின்னரே கற்களைப் பிரிக்க வேண்டும். கோடையில் காய்ந்த புல் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். தாமரை இலைகளைக் குழியில் புதைக்கலாம், ஆனால் சொப்பிங் பைகளையும் போத்தல்களையும் ஓர் உரப்பையில் கட்டி வாகனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மாடுகள் மேய்கின்ற இடம் அது. பையை மாடு தின்றுவிட்டால், அடுத்த முறை அனுமதி கேட்கப் போகும்போது அந்தக் கமக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.