ஆஸ்பத்திரி கட்டத் தெருவை எடுக்கிறார்கள் என்றால்

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவள் நான். ‘எங்க தெருவையே இடிச்சு ஆஸ்பத்திரி கட்டப் போறாங்களாம்க்கா’ என்று வருகிறவர்களிடம் முதலில் நோட்டீஸைத்தான் கேட்பேன். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அதில் இருக்கும்.

பட்டா நிலம் என்றால் பெரும்பாலும் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம்தான். இந்த நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று சொல்லும் பிரிவு 11 முதல்நிலை அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 60 நாளுக்குள் கலெக்டருக்கு எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அறிவிப்பு வந்த நாளிதழை அப்படியே எடுத்து வையுங்கள்.

‘ஏழைகள் ஐயா, கருணை காட்டுங்கள்’ என்று மட்டும் எழுதிப் பயனில்லை. இந்த இடம் பொருத்தமா, இவ்வளவு நிலம் தேவையா, பொது நோக்கம் உண்மைதானா என்று கேளுங்கள். பக்கத்தில் அரசு நிலம் காலியாகக் கிடந்தால் சர்வே எண்ணோடு எழுதுங்கள்.

கட்டப்போவது யார் என்பதை விடவே கூடாது. பொது நோக்கத்துக்கு என்று நிலம் எடுக்க அந்தச் சட்டம் தரும் உள்கட்டமைப்புத் திட்டங்களின் பட்டியலில் தனியார் மருத்துவமனைகளுக்கு இடமில்லை. அரசும் தனியாரும் சேர்ந்து கட்டும் திட்டம் என்றால், நிலம் இழக்கும் குடும்பங்களில் 70 சதவீதத்தின் முன்சம்மதம் வேண்டும். சம்மதப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கையெழுத்தையும் வீட்டுக்காரரிடமே காட்டிச் சரிபாருங்கள்.

அப்புறம் சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, அதாவது இந்தத் திட்டத்தால் யார் யாருக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் அறிக்கை. வாடகை வீட்டுக்காரர்கள், தெருமுனை இஸ்திரிக்காரர் எல்லாரும் அதில் இருக்கிறார்களா? 3 வருஷமாக அங்கே உழைத்துப் பிழைப்பவருக்குச் சொந்த நிலம் இல்லாவிட்டாலும், அந்தப் பிழைப்பு போகிறதென்றால் அவர் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். விட்டுப்போன பெயர்களை ஆட்சேபத்திலேயே எழுதுங்கள். மனு நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். நேரில் விசாரணை கேட்பது உங்கள் உரிமை, அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

புறம்போக்கு என்றால் வழி வேறு. 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தில் ‘உங்களை ஏன் வெளியேற்றக் கூடாது’ என்று கேட்டுப் பிரிவு 7 நோட்டீஸ் வரும். பதில் தராமல் விட்டால் அடுத்து வெளியேற்றும் உத்தரவுதான்.

இதையெல்லாம் மீறி நடந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அதாவது அரசின் நடவடிக்கையை எதிர்த்து நேரடியாக மனு கொடுக்கலாம். வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தெருவில் ஒரு அக்காவின் பெயரில் நாளைக்கே விண்ணப்பம் கொடுங்கள்.