கதவைப் பூட்டிய பிறகுதான் மோவர்

எங்கள் டெக்சஸ் பக்கம் வெயில் காலம் வந்துவிட்டால் வாராவாரம் புல் வெட்டியாக வேண்டும். விட்டால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வரும். மோவரை, அதாவது புல்வெட்டும் இயந்திரத்தை, வெளியே இழுத்தாலே என் சின்னவன் ஓடிவருவான். அதனால் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் வீட்டுக்குள், பின்கதவு பூட்டு, அப்புறம்தான் எஞ்சின். "பிள்ளையைப் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை. "அம்மா, அரை மணி நேரம் இவன் உங்க பொறுப்பு" என்று ஆளைக் குறித்துச் சொல்லுங்கள்.

உட்கார்ந்து ஓட்டும் மோவர்தான் பெரிய எமன். சிறு பிள்ளைகள் காலையோ பாதத்தையோ இழக்கும் விபத்துகளில் பல, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நடப்பவை. அந்தச் சத்தத்தில் பிள்ளை வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது. ரிவர்ஸ் எடுத்தால் பிளேடு நின்றுவிடும் வசதி பல வண்டிகளில் உண்டு. அதை மீறவும் ஒரு பொத்தானோ சாவியோ வைத்திருப்பார்கள்; அதன் பக்கமே போகாதீர்கள்.

ஊரிலிருந்து வரும் தாத்தாக்களுக்குப் பேரனை மடியில் வைத்து ஒரு சுற்று வர ஆசை. பிளேடு ஓடாவிட்டாலும் வேண்டாம் மாமா. ஒருமுறை ஏறிய பிள்ளைக்கு மோவர் என்றால் சவாரி. அடுத்த வாரமும் ஏறத்தான் ஓடிவரும்.

தள்ளும் மோவர் என்றால், முதலில் தரையில் கிடக்கும் கல், கம்பி, பொம்மை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பிளேடில் பட்ட கல் தோட்டா மாதிரி பறக்கும். கைப்பிடியை விட்ட பிறகும் பிளேடு நிற்க 3 விநாடி வரை ஆகலாம். புல் அடைத்துக்கொண்டால் ஸ்பார்க் பிளக் வயரையோ பேட்டரியையோ கழற்றிவிட்டு, கையால் அல்ல, குச்சியால் எடுங்கள். வெட்டி முடித்த சூட்டோடு வண்டியைக் கராஜில் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி விடாதீர்கள். சைலன்சர் சூட்டில் பிஞ்சுக் கை வெந்துவிடும்.

"நானும் வெட்டுகிறேன்" என்று பிள்ளை கேட்டால்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது: தள்ளும் மோவருக்குக் குறைந்தது 12 வயது, உட்கார்ந்து ஓட்டுவதற்கு 16. அப்போதும் ஷூ, பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்கவசம் கட்டாயம். செருப்பில் கூடாது.

மீறி அடிபட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள். விரல் துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. காயம் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மண்ணும் புல்லும் ஆழமாக இறங்கியிருக்கும்; கழுவிச் சுத்தம் செய்யவும், டெட்டனஸ் ஊசி தேவையா என்று பார்க்கவும் வேண்டும்.