அம்மாவின் காதில் கட்டிய குறும்பி

அம்மாவுக்கு 71 வயது. வலது காதில் கேட்க உதவும் மெஷின். போன ஆடியில் திடீரென்று டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பேட்டரி மாற்றினோம், மெஷினைக் கடையில் காட்டினோம். அதில் குறை எதுவும் இல்லை. இ.என்.டி. டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்ததும்தான் விஷயம் தெரிந்தது: காதுக்குள் குறும்பி கெட்டியாக அடைத்திருந்தது. மெஷின் போடுகிறவர்களுக்கு இப்படி நடப்பதுண்டு, அதன் முனை, குறும்பி வெளியே வரும் வழியை மறித்துவிடுகிறது.

காதுக் குழாய் மொத்தமே சுமார் 2.5 செ.மீ. அதன் வெளிப்பகுதியில்தான் குறும்பி சுரக்கிறது. உள்தோல் மெல்ல வெளிப்பக்கம் வளர்ந்து நகரும்போது, மெல்லுகிற தாடையின் அசைவும் சேர்ந்து அதைத் தள்ளிவிடும். நாம் குடைந்தாலும் அது செவிப்பறைப் பக்கம் போய் இறுகிவிடும். அம்மாவின் தலைமாட்டில் இருந்த பட்ஸையும் ஹேர்பின்னையும் அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்த பிறகே டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். பாட்டிலைச் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். குளிர்ந்த மருந்து விட்டால் தலை சுற்றும். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து நான்கு சொட்டு விடுவேன். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். காலையும் இரவும், ஐந்து நாள். இரண்டாம் நாள் கேட்பது இன்னும் குறைந்தது, அம்மா பயந்துவிட்டார். குறும்பி ஊறி உப்பினால் அப்படித்தான் இருக்கும். ஆறாம் நாள் டாக்டர் உறிஞ்சி எடுத்தார், புளியங்கொட்டை நிறத்தில் ஒரு கட்டி.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. தயவுசெய்து வேண்டாம், உள்ளே தோல் வெந்துவிடும். காதில் சீழ் வடிந்தாலோ, முன்பு ஆபரேஷன் நடந்திருந்தாலோ சொட்டு மருந்தோ தண்ணீரோ நீங்களாக விடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குக் காது கடுமையாக வலித்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது, தொற்று எலும்பு வரை இறங்கலாம். அப்புறம், வலியே இல்லாமல் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் குறும்பிதான் என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடாதீர்கள். நரம்புக் கோளாறாக இருந்தால் சீக்கிரம் வைத்தியம் தொடங்கினால்தான் பலன், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

இப்போது இரவில் மெஷினைக் கழற்றியதும் முனையை உலர்ந்த துணியால் துடைத்து வைக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டி வருகிறோம்.